கமரா வாங்க முதல் இதை வாசி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சிவா,

நலம், நலமறிய ஆவல். வசந்தி சுகம் கேட்டாள். நீ அனுப்பிய முழங்கால் தைலம் வந்து சேர்ந்தது. மணம் திறம், முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

மாமியின் செத்தவீட்டன்று நீ போன் எடுத்தபோது வீடு நிறையச் சனம். ஒழுங்காக ஒரு வார்த்தை கதைக்க முடியவில்லை. பிறகு, ஆடியில் வருகிறேன், மகளுக்கு ஒரு கமரா வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டு எழுதியிருந்தாய். அதற்கும் பதில் போடவில்லை. கோபிக்காதே. மாமியின் அந்தியேட்டிக் கிரியை அலுவலும் உன் கமராக் கேள்வியும் எனக்குள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுவிட்டன. ஏனென்று சொல்கிறேன், ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இரு.

கல்வெட்டு, அதுதான் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், அடிக்க மாமியின் படம் ஒன்று வேண்டும் என்று கொட்டாஞ்சேனை அச்சகத்துப் பொடியன் கேட்டான். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நினைத்தோம். பேரப்பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருக்கிறது, ஒவ்வொரு போனிலும் மாமி நூற்றுக்கணக்கில் இருக்கிறா. கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தது. பாதிப் படங்களில் நடுவில் கேக், ஓரத்தில் மாமி. மிச்சத்தில் பெரும்பாலானவை குடும்பக் குழுக்களில் சுற்றிச் சுற்றிச் சுருங்கி, முத்திரை அளவுக்கு மேல் பெரிதாக்க முடியாத நிலையில் இருந்தன. தேறியது ஒன்று: போன பிறந்தநாளுக்குச் சின்னவன் தன் விலைகூடிய போனில் எடுத்தது. கைக்குள் வைத்துப் பார்க்க அவ்வளவு வடிவு. அச்சகத்துப் பெரிய திரையில் போட்டதும் வசந்தி "இது ஆர்?" என்றாள். இடது கன்னத்து மச்சத்தைக் காணவில்லை. நெற்றிச் சுருக்கம் இல்லை. திருநீற்றுக் குறி தோலோடு கரைந்து வெறும் வெளிறலாக நிற்கிறது. நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. பின்னால் இருப்பதை மங்கலாக்கப் போன போன், தோட்டில் பாதியையும் சேர்த்து அழித்துவிட்டது. மாமி இருந்து பார்த்திருந்தால் "என்னைத் திரும்பக் கட்டிக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டிருப்பா.

கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? 2004இல் வந்தபோது "இனி இது பழசு" என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, நாலு பென்டோர்ச் பற்றரி விழுங்கும் அந்தக் குண்டுக் கமரா. அதில் எடுத்த படங்களைச் சீடியில் எழுதி அலுமாரியில் வைத்திருந்தேன். குசினி வாசலில் மாமி, கையில் அகப்பை, உன் கருவாட்டுக் கதைக்குச் சிரித்த நேரம். பிளாஷ் அடித்ததில் சுவரில் கறுப்பாக நிழல் விழுந்திருக்கிறது. கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மச்சம் அதன் இடத்தில் இருக்கிறது. நரைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகிறது. சிரிக்கும்போது ஒரு பக்கம் கோணும் வாய் கோணியேதான் இருக்கிறது. அது 4 மெகாபிக்சல், அதாவது 40 லட்சம் புள்ளிப் படம், மச்சான். கல்வெட்டின் ஏ5 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, முழுக்க நிரப்பவே 43 லட்சம் புள்ளிதான் வேண்டும். முக்கால் பக்கப் படத்துக்கு அது தாராளம். நீயோ 40 மெகாபிக்சலா 50 மெகாபிக்சலா என்று அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாய். கணக்கு வாத்தியாரிடம் நீ வாங்கிய அடியை நான் பின் வாங்கில் இருந்து பார்த்தவன். அட்டவணையை மூடி வை.

பார்க்க வேண்டியது சென்சரின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின், அளவு. உன் பட்டியலில் முதலாவதாக நிற்கும் நிக்கோன் பீ1000ஐ எடு. எது பெரிதோ அதுதானே உன் கண்ணில் முதலில் படும். 2018இல் வந்தது, 24 மி.மீ. முதல் 3000 மி.மீ. வரை சூம், 125 மடங்கு. எங்கள் மேல்மாடிக்காரரிடம் ஒன்று இருக்கிறது. அவரோடு ஒரு விடியற்காலை தலங்கம குளத்துக்குப் போனேன். அக்கரையில் நீலத் தாழைக்கோழி ஒன்று இலைகளுக்கு மேல் நடக்கிறது. மனுசன் சூமை இழுக்க, அதன் சிவப்புச் சொண்டில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது! போனில் அதைக் கனவிலும் எடுக்க முடியாது. ஆனால் அந்த வித்தையெல்லாம் வெயில் ஏறிய பிறகுதான். இருள் பிரியும் நேரத்தில் எடுத்தவை எல்லாம் கலங்கிப்போய்ப் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. அவ்வளவு நீளச் சூமைத் தூக்கக்கூடிய ஓர் உடலுக்குள் அடைக்க, சென்சரைச் சின்னதாக்கத்தான் வேண்டியிருக்கிறது: 6.2க்கு 4.6 மி.மீ. இப்போதைய நல்ல போன்களின் பிரதான சென்சர் அதைவிடப் பெரிது. போதாததற்குச் சூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் வாய் எஃப்8க்குச் சுருங்குகிறது; எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. கனம் 1.4 கிலோ. உன் மகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நல்லூருக்குப் போனால், இரண்டாம் நாள் அது உன் கழுத்தில் தொங்கும்.

புஜிபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கமரா, 2024இல் வந்ததே, அதைப் பற்றி எனக்குக் குறை சொல்ல மனமில்லை. ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவுச் சென்சர், பீ1000இல் இருப்பதைவிடப் பரப்பில் ஏறக்குறைய 13 மடங்கு. எஃப்2 லென்ஸ். கமராவில் இருந்து நேரே வரும் நிறத்தைத் தொடவே தேவையில்லை. ஆனால் சூம் கிடையாது. கிட்டப் படம் வேண்டுமென்றால் நீதான் கிட்டப் போக வேண்டும். விலையைப் பார்த்தாய்தானே? அதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் புறக்கோட்டைச் சனத்துக்குள் நீ நிம்மதியாக நடப்பாயா?

"புதுசு வாங்கித் தாறன் என்றால் குப்பை கேட்கிறாள்" என்று மகளைப் பற்றி முறையிட்டிருந்தாய். நான் அவள் பக்கம். இங்கேயும் கலியாண வீடுகளில் பெட்டையள் எல்லாரும் 2005, 2008 காலத்துச் சின்னக் கமராக்களோடு திரிகிறார்கள். அந்தக் கமராக்களின் பிளாஷ் உண்மையான செனன் பிளாஷ். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெட்டி மறைவதால் ஆடுகிற பிள்ளையும் அசையாமல் வரும். போனில் இருப்பது சும்மா ஒரு எல்ஈடி டோர்ச். இரண்டாவது, அந்தக் கமராக்களுக்கு முகத்தைத் திருத்தும் மூளை கிடையாது. கனன் கம்பனிகூட 2016இல் வந்த தன் சட்டைப்பைக் கமரா ஒன்றை, மைக்ரோ எஸ்டி கார்டுக்கு மாற்றி, மற்றப்படி பெரும்பாலும் அப்படியே 2025இல் திரும்பச் சந்தைக்கு விட்டது. உன் மகளுக்கு விசர் என்றால் அவர்களுக்கும் விசர்தான்.

ஆனால் பழையதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. 2005இல் பல கம்பனிகள் ஒரே நேரத்தில் அறிவித்தது உனக்கு ஞாபகம் இருக்காது: சூடும் ஈரமும் கூடிய இடங்களில் சிசிடி என்ற பழைய வகைச் சென்சர்கள் சிலவற்றின் உள்வயர் இணைப்பு கழன்று, படம் கறுப்பாகவோ கோடு கோடாகவோ வரும் என்று. சூடும் ஈரமும் என்றால் கொழும்புதானே. அது போக, எக்ஸ்டி கார்ட், மெமரி ஸ்டிக் என்ற பழைய சேமிப்புக் கார்டுகள் எல்லாம் இப்போது தேடிப் பிடிக்க வேண்டிய சாமான்கள். சில கமரா 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. பற்றரி உப்பியிருந்தால் காசு தராமல் வெளியே வந்துவிடச் சொல்.

போனை நான் சும்மா திட்டவில்லை. போன ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில் இரவு நின்றபோது, வேல் ரதத்தின் விளக்குகளும் அதன் பின்னால் இருட்டில் இருந்த மாடிகளில் நின்ற சனமும் ஒரே படத்தில் வந்தது என் போனில்தான். ஒரு தட்டுக்குப் பல படங்களை எடுத்து, வெளிச்சத்துக்கு ஒன்று இருட்டுக்கு ஒன்றாகப் பொறுக்கி ஒட்டிவிடுகிறது. கமராவில் அதைச் செய்யத் தனிக் கெட்டித்தனம் வேண்டும். அதே இரவு தவில்காரரை எடுத்தேன். அவருடைய விரல்கள் இருந்த இடத்தில் வெறும் புகை. அசையாத கோபுரத்துக்குப் போன் போதும். அசைகிற கைக்கு நல்ல லென்ஸும் பெரிய சென்சரும் வேண்டும். முகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எங்கள் கறுப்பு நிறத்தையும் கிழட்டுத் தோலையும் பிழை என்று நினைத்துத் திருத்துகிற ஒரு யந்திரத்திடம் எங்கள் ஆட்களின் முகத்தை எப்படி நம்பி ஒப்படைக்கிறது? எங்கள் வீட்டில் 83 கலவரத்துக்கு முந்திய அல்பம் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் படம் என்று இன்றைக்கும் எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதில் அவருடைய காது நுனி வெட்டுப்பட்டிருக்கிறது, சரி, ஆனால் அது அவருடைய காது.

இனி மிரர்லெஸ், லென்ஸைக் கழற்றி மாட்டும் கமரா. பம்பலப்பிட்டியில் கேட்கப்போனால் எல்லாக் கடையிலும் முதலில் தூக்கி வைப்பது இதைத்தான். கனன் ஆர்50 (2023) நல்ல சாமான். பற்றரியோடு 375 கிராம், அதே ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர், ஆள் திரும்பினாலும் கண்ணைப் பிடித்து வைத்திருக்கும் போக்கஸ். பெட்டியோடு வரும் 18–45 லென்ஸுக்குத்தான் வெளிச்சம் போதாது, சூமை இழுத்தால் எஃப்6.3. கோயிலுக்குள் அது திணறும். பெரிய சென்சருக்குக் காசு கொடுத்துவிட்டு, வெளிச்சத்தை வாசலிலேயே மறிக்கிற வேலை. 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் ஒன்று தனியாக வாங்கினால்தான் அந்தக் கமராவின் குணம் தெரியும். பெரும்பாலானோர் இரண்டாவது லென்ஸ் வாங்குவதே இல்லை. விலை குறைவு என்று ஆர்100ஐத் தொட்டுவிடாதே. அதன் திரை தொடுதிரை இல்லை. போனில் வளர்ந்த பிள்ளை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, உடைந்துபோச்சு என்று உன்னிடம் திருப்பித் தரும்.

எதை வாங்கினாலும் எங்கள் ஊர்க் காற்றுக்குத் தப்ப வேண்டும். என்னிடம் இருந்த 50 மி.மீ. லென்ஸின் பின்பக்கத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தேன்: கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள், ஓரத்தில் இருந்து நடுவுக்கு. பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் அதற்குக் கொண்டாட்டம். கடற்கரையோரம் எங்களுக்கு அதற்குக் கீழே இறங்கி நிற்பதே அருமை. அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது. நீங்கள் ஆசையாக வாங்குகிற தோல் உறை இருக்கிறதே, அது ஈரத்தைப் பிடித்து வைப்பதில் முதல் எதிரி. நான் இப்போது காற்றுப் புகாத அரிசி டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், சூடாக்கினால் திரும்ப நீலமாகும். என் சமையல் சட்டியைத் தொட்டால் கமராவையும் ஆளையும் மரைன் டிரைவில் எறிவேன் என்று வசந்தி சொல்லியிருப்பதால், அதற்கென்று தனிச் சட்டி. மகளிடமும் சொல்லிவை: ஏசி அறையில் இருந்து கமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். ஒரு பொலித்தீன் பையில் கட்டி, வெளிச்சூடு ஏறிய பிறகு எடுக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு, கேட்டாலும் கேட்காவிட்டாலும்: சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஏதாவது ஒன்று, பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. 2012இல் வந்த முதலாவதே போதும். 13.2க்கு 8.8 மி.மீ. சென்சர், அந்தப் பீ1000ஐவிட நாலு மடங்கு பரப்பு. அகலப் பக்கத்தில் எஃப்1.8, செனன் பிளாஷ், சட்டைப்பையில் போகும். லென்ஸ் கழற்றி மாட்டும் வேலை இல்லாததால் காலிமுகத்திடல் உப்புக்காற்றுக்கு உள்ளே வழியும் குறைவு. குறை உண்டு: வெளியே நீண்டு உள்ளே போகும் லென்ஸ் தூசியைச் சேர்த்து இழுக்கும், உடம்பு சவர்க்காரம்போல் வழுக்கும், கையில் வார் கட்டாமல் கொடுக்காதே. வாங்கும்போது வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக் கறுப்புப் பொட்டு தெரிகிறதா என்று பார். உனக்குக் கமரா வேண்டாம், உன் போனில் அந்த அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டு வா. எங்களுக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பு, சுருங்காது.

2004 படங்களில் பாதிதான் என் சீடியில் இருக்கிறது. திருகோணமலைக்குப் போன நாளின் படங்கள் உன் பழைய கணினியில்தான் கிடக்க வேண்டும். கணினி உயிரோடு இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொண்டுவா. அதில் மாமி மட்டுமில்லை, ரவியும் இருக்கிறான். பயணச்சீட்டுத் திகதி சரிவந்ததும் எழுது, உன் அறையைப் பூசி வைக்க வேண்டும்.

உன்,
குகன்

பி.கு.: சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அடித்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுவா. போன முறை நீ கொண்டுவந்து எங்கள் பிளக்கில் குத்திப் புகையவிட்ட ஷேவரை வசந்தி இன்னும் மறக்கவில்லை.