கைத்தடி வாங்கப் போகும் சேகருக்கு

திருச்சி

அன்புள்ள சேகருக்கு,

உன் பேத்தி அனுப்பிய கல்யாணப் படங்களைப் பார்த்தோம். பந்தியில் இலைக்கு முன்னால் நீ உட்காருகிற தோரணை இன்னும் மாறவில்லை. ஆனால் மண்டப வாசலில் நீ நிற்கிற படத்தைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இடது முழங்காலில் வலி என்று எழுதியிருந்தாய். படத்திலோ தடி இடது கையில்! அதுவும் உன் அப்பாவின் கருங்காலித் தடி. அவர் உன்னைவிட அரை அடி உயரம். தடி பிடித்த தோள் காதைத் தொடப் போகிறது.

முதலில் தடியை வலது கைக்கு மாற்று. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். நடக்கும்போது இடது காலோடு வலது கைதானே முன்னால் வீசுகிறது? தடியும் வலிக்கிற காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டால், நல்ல காலைத் தூக்கி வைக்கிற நேரத்தில் உடம்பின் பாரத்தைத் தடியும் பங்கு போட்டுக்கொள்ளும். அதே பக்கம் பிடித்தால் நோகிற காலின் மேலேயே சாய்வாய். என் மனைவிக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து, பிசியோதெரபி செய்ய வந்த பெண் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதுதான். அன்றிலிருந்து இவள் தெருவில் போகிற தடிக்காரர்களை எல்லாம் ஜன்னல் வழியாகத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

உயரத்தைப் பார்ப்பது எளிது. வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நில். கைகளைத் தளரத் தொங்கவிடு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை மருமகளை அளக்கச் சொல். நீயே குனிந்து அளந்தால் கணக்கு தப்பும். தடியின் பிடி அந்த உயரத்தில் இருந்தால், ஊன்றும்போது முழங்கை லேசாக, 15 முதல் 20 டிகிரி வரை மடியும். அலுமினியத் தடியில் பொத்தானை அமுக்கி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மரத்தடியை அறுக்கத்தான் வேண்டும். அப்பாவின் தடியை அறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் அடியில் இருக்கும் வெள்ளிப் பூண் மண்டபத்துக் கிரானைட்டில் எப்படி வழுக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. சுவரில் மாட்டி வை.

எந்தத் தடியானாலும் அடியில் ரப்பர் புஷ் வேண்டும். அதில் உள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிடு. விலை அற்பம், சர்ஜிகல் கடையில் தனியாகவே கிடைக்கும். வளைந்த பிடியைவிட உள்ளங்கை முழுவதும் படிகிற தட்டையான பிடி உன் விரல் வாதத்துக்கு ஏற்றது.

மகன் நாலு கால் தடி வாங்கித் தருகிறேன் என்கிறானாமே. சமதளத்தில் அது நன்றாகவே நிற்கும். ஆனால் நான்கு காலும் ஒருசேரப் படிந்தால்தான் அதற்குப் பலம். கும்பகோணத்தில் உன் வீடோ திண்ணைப் படி, நிலைப்படி, முற்றத்துச் சரிவு, கொல்லையில் பெயர்ந்த செங்கல் என்று ஒரு மலைப்பாதை. அங்கே அது ஆடும். உனக்கு ஒற்றைத் தடியே போதும் என்பது என் கட்சி. இரண்டு காலும் தள்ளாடினால்தான் வாக்கர். அப்போதும் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்புவதாகச் சொல்லும் நாலு சக்கர வாக்கர் வேண்டாம். சீரான நடைபாதைக்குத்தான் அது. முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தால் நகர்ந்து ஓடிவிடும்; உங்கள் வீட்டு நிலைப்படியையும் தாண்டாது. எந்த வாக்கரானாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்திருக்காதே. நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழுந்த பிறகுதான் வாக்கரைத் தொட வேண்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

தடியைவிட எனக்குப் பெரிய கவலை உன் குளியலறைதான். ஈரத் தரையில் சோப்பு நுரையும் சேர்ந்தால் ரப்பரும் கைகொடுக்காது. கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என எஃகுக் கைப்பிடிகளைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கச் சொல். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடிகளை நம்பாதே. துண்டு போடுகிற கம்பி துண்டுக்கு மட்டும்தான். வாசலில் மடங்கிக் கிடக்கும் மிதியடியைத் தூக்கிப் போடு. ஹவாய் செருப்பை விட்டுவிட்டு, பின்வார் உள்ளதாக வாங்கு. வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டு. இரவில் எழுந்தால் கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நில். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அடிக்கடி அப்படிச் சுற்றினால் டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதே.

பால், காய்கறி எல்லாம் தோளில் குறுக்காக மாட்டும் ஜோல்னா பையில் வரட்டும். ஒரு கையில் தடி, மறு கையில் தூக்குவாளி என்றால், தடுமாறும்போது எதைப் பிடிப்பாய்?

உங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா வாக்கர் வாங்க வழியில்லாமல் இருப்பதாக எழுதியிருந்தாய். ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று 2017 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று நடக்கிறது. 60 வயது கடந்த ஏழைகளுக்கு, கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி எல்லாம் முகாம் வைத்து இலவசமாகத் தருகிறார்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்.

தடி பிடித்தால் கிழவன் என்பார்கள் என்று வேறு புலம்பியிருக்கிறாய். 70 தாண்டியவனை வேறு என்னவென்று சொல்வார்கள்? 1930-இல் காந்தி தண்டிக்கு நடந்ததே மூங்கில் தடியோடுதான். பெரியார் என்றாலே தாடியும் தடியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்கு இல்லாத கூச்சம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் உனக்கு எதற்கு?

அடுத்த மாதம் எனக்கு வலது கண்ணில் புரை நீக்குகிறார்கள். அதற்கு முன்பே தில்லை நகர்க் கடைகளில் பார்த்து உனக்குத் தடி வாங்கிவிடுகிறேன். மருமகள் அளந்த அளவையும் உன் எடையையும் எழுதி அனுப்பு. எடையைக் குறைத்துச் சொல்லாதே. தடிக்கும் இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்கு உண்டு. தங்கையைக் கேட்டதாகச் சொல்.

உன்
மணி