ஜகார்த்தாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஆசியான் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் நம் மலேசியா ஜகார்த்தாவுக்கு ஆட வந்தால், கேலோரா பங் கார்னோ அரங்கத்துக்கு நேரில் போகலாமா என்று கேட்டிருந்தாய். அம்மா வேண்டாம் என்கிறாள். நான் போ என்கிறேன். ஆனால் அந்த அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போ.

2010-இல் நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. அந்த வருஷக் கோப்பையில் டிசம்பர் 1-ஆம் தேதி நம் முதல் ஆட்டமே அங்கேதான், இந்தோனேசியாவோடு. நம் நோர்ஷாருல் முதல் கோலைப் போட்டார். அப்புறம் இந்தோனேசியா வரிசையாகப் போட்டு 5-1 என்று ஜெயித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆட்டம் முடிவதற்குள் பாதி நாற்காலி காலி. ஆனால் நம் பயிற்சியாளர் கே. ராஜகோபால் தன் பையன்களைக் கைவிடவில்லை. அவர்களில் பலர் முந்தின வருஷம் லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (SEA) விளையாட்டுப் போட்டியில் அவரிடம் ஆடித் தங்கம் வென்றவர்கள். 20 வருஷத்துக்குப் பிறகு கால்பந்தில் நமக்குக் கிடைத்த தங்கம் அது. தாய்லாந்துடன் 0-0, லாவோஸை 5-1, அரையிறுதியில் வியட்நாமை இங்கே கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் 2-0, ஹனோயில் 0-0. இறுதியில் எதிரே மறுபடியும் இந்தோனேசியா.

இந்தக் கோப்பையின் அழகே இறுதி ஆட்டம் இரண்டு இடத்தில் நடப்பதுதான். டிசம்பர் 26 இங்கே, 29 அங்கே. இங்கே சாஃபி சாலி இரண்டு கோல், அஷாரி ஒன்று, 3-0. ஆனால் அந்த இரவில் நாம் பெருமைப்பட முடியாத ஒன்றும் நடந்தது. பார்வையாளர் பக்கத்திலிருந்து இந்தோனேசிய கோல்காவலர் முகத்தில் லேசர் ஒளி அடித்தார்கள். அவர்கள் அணி சில நிமிடம் மைதானத்தை விட்டே வெளியேறியது. திரும்பி வந்த பிறகுதான் மூன்று கோலும் விழுந்தன. நம் ஆட்கள் நன்றாகவே ஆடினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த லேசர் அந்த வெற்றியில் ஒட்டிய கறை. உன் அலுவலகத்தில் யாராவது அதைச் சொன்னால் வாதாடாதே, உண்மைதான் என்று ஒத்துக்கொள்.

29-ஆம் தேதி அங்கே தொடக்கத்திலேயே அவர்களுக்கு பெனால்டி. ஃபிர்மான் உத்தினா அடித்ததை நம் கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். அன்று கடையில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு சாஃபி போட்ட கோல்தான் கோப்பையை உறுதி செய்தது. அவர்கள் இரண்டு போட்டு அந்த ஆட்டத்தை 2-1 என்று ஜெயித்தார்கள். கூட்டிப் பார்த்தால் 4-2, கோப்பை நமக்கு. 31-ஆம் தேதி நாடு முழுக்கப் பொதுவிடுமுறை விட்டார்கள். ஒரு தமிழர் பயிற்றுவித்த அணி அது. குனாலன், குருசாமி என்று நம் பையன்களும் அதில் இருந்தார்கள். எழுபதுகளில் ஆறுமுகம் கோல் காத்ததைப் பார்த்து வளர்ந்த உன் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அன்று அழுதிருப்பார்.

அதற்கு முன்னும் பின்னும் நமக்கு இந்தக் கோப்பை இல்லை. 2014-இல் தாய்லாந்திடமும் 2018-இல் வியட்நாமிடமும் இறுதியில் தோற்றோம். ஆனால் இந்தோனேசியாவை நினைத்துப் பார். 2000, 2002, 2004, 2010, 2016, 2020 என்று ஆறு முறை இறுதிக்கு வந்து ஆறு முறையும் தோற்றவர்கள். அப்படியும் அந்த அரங்கம் நிறைகிறது. உன் பக்கத்தில் சிவப்புச் சட்டையில் உட்கார்பவர் தன் அப்பாவோடு வந்து தங்கள் அணி தோற்றுப் போனதைப் பார்த்தவராக இருக்கலாம். நாம் கோல் போட்டால் கத்து, அது உன் உரிமை. அவர்கள் முகத்துக்கு நேரே கத்தாதே.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் அங்கே நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் கூட்டம் நம் ரசிகர்கள் பக்கம் பாய்ந்தது, ஆட்டமே நின்று பிறகு தொடர்ந்தது. கடைசி நிமிடத்தில் நம் வீரர் சுமாரே கோல் போட்டு நாம் 3-2 என்று ஜெயித்தோம். ஆனால் நம் ஆட்கள் பத்திரமாக வெளியே வந்தார்களா என்பதுதான் அன்று இரவு எங்களுக்கு முக்கியமாக இருந்தது. அதனால் வருகை தரும் அணியின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் மட்டும் டிக்கெட் எடு. நம் அணியின் மஞ்சள் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போய் உள்ளே மாட்டிக்கொள். முடிந்ததும் போலீஸ் சொல்லும் வரை அங்கேயே இரு. தனியாகப் போகாதே, அங்கே வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து போ.

குழு ஆட்டத்தில் இரண்டு அணியும் ஒரே பிரிவில் விழுந்தாலும் ஒரு தடவைதான் மோதுவார்கள், அது அங்கேயா இங்கேயா என்பது அட்டவணை வந்தால்தான் தெரியும். அரையிறுதியிலோ இறுதியிலோ சந்தித்தால் இரண்டு இடத்திலும் ஆட்டம் உண்டு. அப்படி வந்தால் புக்கிட் ஜாலிலுக்கு நான் போகிறேன், அங்கே நீ போ. டிக்கெட் பணம் நான் அனுப்புகிறேன், அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அட்டவணை வந்த அன்றே லீவு கேட்டு வை.

அன்புடன்,
அப்பா