கிளட்ச் போச்சு என்று சொல்வதற்கு முன்னால்: ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், சர்வீஸ் அட்வைசர் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடையின் கவுன்டரில் நிற்பவன் நான். உங்களில் பலருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பிக்கும். “அண்ணே, ஸ்விஃப்ட் டீசலுக்குக் கிளட்ச் செட் ஒண்ணு, பையன் வர்றான், குடுத்து விடுங்க.” “எந்த கம்பெனி வேணும்?” “எது ரேட் கம்மியோ அதைக் குடுங்கண்ணே.” அவ்வளவுதான் பேச்சு. ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே புரட்டிப்போடக்கூடிய தொகையை நீங்களும் நானும் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். பணம் கட்டப்போகிறவர் அப்போது ஆபீசில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் “சார், கிளட்ச் போச்சு” என்ற ஒரு வரி.

அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றால் அது எப்படித் தெரிந்தது என்று வண்டிக்காரருக்குக் காட்டுங்கள். எந்த செட் (பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது) போடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்பது. “பிக்கப் இல்லை” என்று ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் போனால், பாதிப் பேர் நேராக கிளட்சில்தான் கை வைக்கிறார்கள். பிக்கப் குறைய ஏர் ஃபில்டர் அடைப்பு போதும், டீசல் ஃபில்டர் போதும், டர்போ ஹோஸில் ஒரு கீறல் போதும், ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் போதும். கிளட்ச் வழுக்குவதற்கு மட்டும் தனி அடையாளம் உண்டு: இன்ஜின் ரேஸ் ஏறும், வண்டி ஏறாது. இன்ஜினில் கோளாறு என்றால் இரண்டுமே ஏறாது. நல்ல ரோட்டில் நாலாவது கியரில் நாற்பது, நாற்பத்தைந்து வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். டாக்கோமீட்டர் முள் மட்டும் துள்ளி, ஸ்பீடோமீட்டர் முள் அதே இடத்தில் சோம்பேறித்தனமாக நின்றால் சந்தேகமே வேண்டாம். அந்த ஓட்டத்தில் வண்டிக்காரரைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். முள்ளைத் தன் கண்ணால் பார்த்தவர் அப்புறம் உங்களோடு வாதாட மாட்டார்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் நின்றுபோகிறதா என்று பார்க்கும் சோதனையும் எல்லோருக்கும் தெரியும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் அதை ஒரு தடவை செய்தால் போதும். வேடிக்கை பார்க்க வந்தவருக்கெல்லாம் செய்து காட்டினால், பிளேட்டின் மேல் மிச்சமிருக்கும் உராய்வுப் பட்டையான ஃபேஸிங்கையும் நீங்களே கருக்கிவிடுவீர்கள்.

கருகின வாசனையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறினால் புது கிளட்சிலும் அந்த வாசனை வரும். ஆறவிட்டு மறுநாள் ஓட்டிப் பாருங்கள். வழுக்கவில்லை என்றால், “மலையில் காலை கிளட்சில் வைத்துக்கொண்டே ஓட்டாதீங்க சார்” என்று சொல்லி அனுப்பினால் போதும்.

பெடல் விஷயமும் அப்படித்தான். பெடல் மேலே வந்தபிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆல்டோ, வேகன் ஆர் போன்ற கேபிள் வண்டிகளில் ஃப்ரீ பிளே, அதாவது பெடல் சும்மா ஆடும் இடைவெளி, இல்லாமல் கேபிளை முறுக்கி வைத்திருந்தாலும், ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். பெடல் கல்லாக இருக்கிறது என்றால் முதலில் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். உள்ளே பிசிறு விட்ட கேபிளின் விலை என்ன, செட்டின் விலை என்ன! கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் பெடல் தொப்பென்று கீழே போகிறது, கியர் கரகரவென்று விழுகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஆயில் கசிவு, குழாயில் காற்று என்று பார்க்க வேண்டியது வேறு. பல கார்களில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்துதான் கிளட்சுக்கும் ஆயில் போகிறது. டப்பாவில் அளவு குறைந்திருந்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வரும் சத்தம் மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது நோய்க்கு கிளட்ச் செட் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும், உங்கள் பெயர்தான் கெடும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பெரியவர் செய்தித்தாளில் சுற்றிய பிளேட்டோடு என் கவுன்டருக்கு வந்தார். கிளட்ச் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் வழுக்குகிறது, மறுபடியும் செட் வாங்கச் சொல்கிறார்கள் என்றார். தாளைப் பிரித்தேன். ரிவெட் தலைக்கு மேலே ஃபேஸிங் நல்ல கனத்தோடு இருந்தது. ஆனால் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் கரும்பழுப்புக் கோடுகள், விசிறியை விரித்ததுபோல. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தால் இன்ஜின் ஆயில் வாசனை. பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, சுழற்சியில் ஆயில் தெறித்து, பிளேட் ஊறிப்போயிருக்கிறது. போன தடவை கியர்பாக்ஸை இறக்கியபோதே அந்த சீலைப் பார்த்திருக்கலாம். சீலின் விலை சில நூறு ரூபாய். பெரியவர் இரண்டாம் முறை கட்டப்போவது லேபரும் ஒரு முழு செட்டும். யார் செய்த வேலை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீலையும் செட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே, இறக்கியதும் மூடிவிடாதீர்கள். வண்டிக்காரரை வரச்சொல்லுங்கள், வர முடியாவிட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம், அரை மில்லிமீட்டராவது இருக்கிறதா; பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, நடுவில் டயாஃப்ரம் விரல்களின் நுனி தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா; பிளேட் உராயும் இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலில் முடி போன்ற வெடிப்பு உண்டா. இதெல்லாம் தெரிகிற மாதிரி நாலு படம் போதும். இன்னொன்று: கிளட்சை மூடியிருக்கும் அந்த பெல் ஹவுசிங்கில் கிடக்கும் கருந்தூளை ஏர் அடித்து ஊதுகிற பழக்கத்தை விடுங்கள். கிளட்ச் ஃபேஸிங்கில் ஒருகாலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. வரும் பிளேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று பார்வையில் தெரியாது. ஈரத்துணியால் துடைக்கலாம். உங்கள் பையன்களின் நுரையீரல் அது.

இனி எந்த செட் போடுவது என்ற கேள்வி. இங்கேதான் நான் கொஞ்சம் வாய் திறக்க வேண்டும், இது என் தொழில்.

பொதுவாக கார் கம்பெனிகள் கிளட்சைத் தாங்களே செய்வதில்லை. வேலியோ, லுக், எக்ஸெடி, சாக்ஸ், ஐசின் என்று அதற்கென்றே இருப்பவர்களிடம் வாங்குகிறார்கள். லுக் கிளட்ச் நம் ஓசூரிலேயே தயாராகிறது. ஆக, கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும், கிளட்ச் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவதும் பல நேரம் ஒரே கையின் வேலைதான், விலை மட்டும் வேறு. எந்த வண்டிக்கு யார் சப்ளை என்று எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கிறீர்களே, பதில் நீங்கள் கழற்றிய பழைய பிரஷர் பிளேட்டிலேயே இருக்கிறது. அதுவரை யாரும் மாற்றாத வண்டியாக இருந்தால், கவரின் மேல் தயாரிப்பாளரின் பெயரோ முத்திரையோ அடித்திருக்கும். துடைத்துப் பாருங்கள். அதே தயாரிப்பாளரின் செட்டை வாங்கினால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

வண்டிக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கம்பெனி பெட்டி இவ்வளவு, தயாரிப்பாளர் பெட்டி இவ்வளவு, அதற்கும் கீழே பெயர் தெரியாத லோக்கல் செட் இவ்வளவு. மூன்றாவதைப் போட உங்களுக்கே மனசில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். எனக்கு மனசில்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் லேபர் எந்த செட்டுக்கும் ஒன்றுதான். விலையில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம், இன்னொரு தடவை இறக்கினால் அன்றைக்கே காலி. பழைய பிளேட்டில் புது ஃபேஸிங் ரிவெட் அடித்து விற்பதையும் காருக்குக் கொண்டுவராதீர்கள். அதில் அதிர்வைத் தாங்கும் டாம்பர் ஸ்பிரிங்குகளுக்கும், ஷாஃப்டில் உட்காரும் பல்லான ஸ்ப்லைனுக்கும் வயது அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு தடவை இறக்கும் லேபரைத் தவிர்க்கத்தான் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறோம். “பிளேட் மட்டும் போடுங்க” என்று வண்டிக்காரர் கேட்டால் உடனே முகம் சுளிக்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் ரிலீஸ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் அதையும் அப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் அது ஒழுகும் அன்றைக்கு மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். டூயல் மாஸ் ஃபிளைவீல் (நடுவில் ஸ்பிரிங்கோடு இரண்டு பாகமாக வரும் வகை) உள்ள டீசல் வண்டி என்றால் செலவு பல மடங்காகலாம் என்று இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதைச் சாதாரண ஃபிளைவீல் மாதிரி லேத்தில் கொடுத்து முகம் பிடித்து வராதீர்கள், அதில் பார்க்க வேண்டியது இரண்டு பாகத்துக்கும் நடுவிலான ஆட்டம். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை பிரஷர் பிளேட்டை அதற்குரிய டூல் இல்லாமல் போல்ட்டை முறுக்கி ஏற்றிவிட்டு, “பீஸ் சரியில்லண்ணே” என்று என்னிடம் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது.

சிலர் ஹெவி டியூட்டி கேட்பார்கள். நாள் முழுக்க ஓஎம்ஆர் சிக்னல்களில் நிற்கிற காருக்கு அது தண்டனை. பிரஷர் அதிகமான பிளேட் என்றால் பெடலும் கனமாகும், இடது முழங்கால்தான் பதில் சொல்லும். அந்த வண்டிக்கு வந்த அளவே போதும்.

எனக்கு போன் செய்யும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், பழைய கியர்பாக்ஸ், புது கியர்பாக்ஸ் என்று நாலு விதம் ஓடுகிறது. பிளேட்டின் விட்டமும் ஸ்ப்லைன் பல்லும் மாறும். சேஸிஸ் நம்பரை அனுப்புங்கள், பழைய பிளேட்டைப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்புங்கள். டூப்ளிகேட் பெட்டிகள் எங்கள் தெருவிலும் நடமாடுகின்றன, மறைக்க ஒன்றுமில்லை. பார்ட் நம்பர், தயாரித்த மாதம், எம்ஆர்பி மூன்றும் தெளிவாக அச்சாகாத பெட்டியை வாங்காதீர்கள், நான் கொடுத்தாலும்தான்.

பில் விஷயம். “கிளட்ச் ஒர்க்” என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போடாமல், எந்தத் தயாரிப்பு, என்ன பார்ட் நம்பர், லேபர் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கிவிட்டது. அதற்கு முன் அச்சடித்த எம்ஆர்பியை அப்படியே வண்டிக்காரரின் தலையில் கட்டாதீர்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அவர் போன் போட்டால் உங்களுக்கும் நேரம் வீண், எனக்கும் வீண். பழைய பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துக் கொடுங்கள். அவை அவருடைய சொத்து. “எதுக்குங்க இது” என்று அவரே விட்டுவிட்டுப் போனால், அப்புறம் இரும்புக் கடையில் போட்டு டீ குடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வேகமாகக் கிளப்பாமல், ஏற்றத்தில் அரை கிளட்சில் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து என் கவுன்டரில் ஒரு மாற்றம் செய்யப்போகிறேன். கிளட்ச் செட் கேட்டு போன் வந்தால், “வண்டிக்காரரிடம் எந்த செட் என்று கேட்டாச்சா?” என்று நான் கேட்பேன். இல்லை என்றால் மூன்று விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறேன், அதை அப்படியே அவருக்குத் தட்டிவிடுங்கள். அவர் பதில் வந்ததும் பையனை அனுப்புங்கள், செட் எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கவுன்டர்காரன்