எழுப்புதல் கூட்டம் நடத்தும் போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

எழுப்புதல் கூட்டங்களில் நெகேமியா 8-ஆம் அதிகாரம் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. வேதம் வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழுத வசனம் வந்ததும் ஜெபவேளை தொடங்கிவிடுகிறது, அதிகாரமும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த அழுகையை ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியரே அமர்த்தினார்கள். போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. புதுவாழ்வு வேர்பிடித்த விதம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வேதபாடம் நடத்துகிற நாங்கள் அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்கு முதலில் திரும்பிய யூதர்கள் 42,360 பேர். பலிபீடத்தை உடனே கட்டிவிட்டார்கள். ஆலயம் முடிந்ததோ கி.மு. 515-இல், நடுவில் வேலை நின்றுபோய், தீர்க்கதரிசிகளான ஆகாயும் சகரியாவும் வந்து தூண்ட வேண்டியிருந்தது. பின்பு, கி.மு. 458-இல் வேதபாரகரான எஸ்றா பாபிலோனிலிருந்து புறப்பட்டபோது, அகாவா நதியோரம் கூடினவர்களில் ஒரு லேவியன்கூட இல்லை. எஸ்றா ஆளனுப்பி 38 பேரை வரவழைத்த பிறகே பயணம் தொடர்ந்தார். அவர்களில் ஒருவர் செரெபியா. பின்னாளில் எருசலேமின் தண்ணீர்வாசலில் (நெகேமியா 8) ஜனங்களுக்கு வேதத்தை விளக்கினவர்களின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது.

அந்தத் தண்ணீர்வாசல் கூட்டத்தைக் கவனியுங்கள். புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொன்னது ஜனங்கள். ஏழாம் மாதம் முதல் தேதி, காலை தொடங்கி மத்தியானம்வரை வாசிப்பு. மரப்பீடத்தில் எஸ்றாவோடு 13 பேர் நின்றார்கள். இன்னும் 13 பேரின் பெயரைச் சொல்லி, அவர்களும் லேவியரும் ஜனங்களுக்குப் பொருளை விளக்கினார்கள் என்கிறது வேதம். ஒரே பேச்சாளரை நம்பி நடந்த கூட்டமில்லை அது.

மறுநாள் குடும்பத் தலைவர்களும் ஆசாரியரும் லேவியரும் மேலும் கற்றுக்கொள்ள எஸ்றாவிடம் வந்தார்கள். கூடாரப்பண்டிகை பற்றிய கட்டளையைக் கண்டார்கள். உடனே மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளையும் பேரீச்ச ஓலைகளையும் கொண்டுவந்து, மொட்டைமாடியிலும் முற்றத்திலும் குடில் போட்டார்கள். ஏழு நாளும் வாசிப்பு நிற்கவில்லை. பாவ அறிக்கை 24-ஆம் தேதிதான் வருகிறது: பகலில் கால்பங்கு வாசிப்பு, இன்னொரு கால்பங்கு அறிக்கையும் ஆராதனையும். வேதம் மனதில் இறங்க மூன்று வாரத்துக்கு மேல் இடம் கொடுத்தார்கள்.

பிறகு உடன்படிக்கையை எழுதி 84 பேர் முத்திரை போட்டார்கள். அதில் உள்ளவை மிகவும் நடைமுறையானவை. ஆலயப் பணிக்கு ஆளுக்கு வருஷம் மூன்றில் ஒரு பங்கு சேக்கல் வெள்ளி. ஓய்வுநாளில் கொள்முதல் இல்லை. ஏழாம் வருஷம் கடன் விடுதலை. பலிபீடத்துக்கு விறகு வேண்டுமே, எந்த வீட்டார் எப்போது கொண்டுவருவது என்று சீட்டுப்போட்டே தீர்மானித்தார்கள்.

நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். பஞ்சத்தில் வயலை அடகுவைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள் கதறியது சொந்தச் சகோதரருக்கு எதிராக. வயல், திராட்சைத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, வாங்கின வட்டி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கவைத்தார் யூதாவின் அதிபதியாயிருந்த நெகேமியா. சபையில் கடன் கொடுத்து நெருக்குகிறவரும் அந்த வட்டியில் நசுங்குகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கணக்கைத் தொடாத எழுப்புதல் எப்படி நிலைக்கும்?

இவ்வளவு செய்தும் அது சரிந்தது. 13-ஆம் அதிகாரம் காரணத்தை மறைக்கவில்லை. நெகேமியா பெர்சிய ராஜாவிடம் போயிருந்த காலத்தில், ஆசாரியரான எலியாசிப், முன்பு மதில் வேலையை எதிர்த்தவரும் தன்னோடு உறவுகொண்டிருந்தவருமான தொபியாவுக்கு ஆலயத்தின் காணிக்கை அறையைக் கொடுத்தார். லேவியருக்குப் பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். ஓய்வுநாளில் தீரு நாட்டார் எருசலேமிலேயே மீன் விற்றார்கள். திரும்பி வந்த நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார். உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட நான்குபேரைப் பண்டகசாலைக்கு நியமித்தார். ஓய்வுநாளுக்கு முந்தின மாலையே வாசல்களை அடைக்கச் சொன்னார். கண்ணீர்க் கூட்டம் இன்னொன்றை அவர் கூட்டவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன், சபையில் பத்துப்பேரையாவது வாசிக்கவும் விளக்கவும் பழக்குங்கள். வாசிப்புக்குப் பிரசங்கத்தைவிட அதிக நேரம் கொடுங்கள். மறுநாளைக் குடும்பத் தலைவர்களோடும் தலைவிகளோடும் படிப்பதற்கு ஒதுக்குங்கள். எடுக்கும் தீர்மானங்களை யார், எவ்வளவு, எந்த மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காணிக்கைக் கணக்கை உறவினர் அல்லாத நான்குபேரிடம் ஒப்படையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளைச் சபைமுன் வாசியுங்கள்.

கர்த்தருக்குள்,
வேதபாட ஆசிரியர்கள் சிலர்