காட்டுக்கென்று வாங்கிய 2,500 ரூபாய்

அனுப்புநர்: பதிவு இலக்கம் 217, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம்.
பெறுநர்: முகாமையாளர், காட்டோட்டப் போட்டி ஏற்பாட்டு நிறுவனம், கொழும்பு.

பொருள்: ஆடி மாதம் எங்கள் குளத்தடியில் நடந்த காட்டோட்டமும் அதன் பெயரில் சேர்த்த நிதியும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

இதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது" என்ற ஒரே பதில், அனுப்பிய நிமிடத்திலேயே வந்து சேர்ந்தது. அதை எழுதுவது ஆள் இல்லை, இயந்திரம் என்று என் பெறாமகன் சொல்கிறான். அதனால் இம்முறை தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உறையைக் கிழிக்கவாவது ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

நான் உங்கள் போட்டியில் 21 கிலோமீற்றர் பிரிவில் ஓடியவன். வயது 61. நில அளவைத் திணைக்களத்தில் 33 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார் வைத்தியர். நடை எப்படியோ ஓட்டமாகிவிட்டது. ஓடுவதற்காக நான் ஒருவருக்கும் காசு கட்டத் தேவையில்லை. படலையைத் திறந்தால் குளக்கட்டு. இருந்தும் 7,500 ரூபாய் கட்டினேன் என்றால், அதற்குக் காரணம் உங்கள் பற்றுச்சீட்டின் இரண்டாவது வரி. பங்கேற்புக் கட்டணம் 5,000. பொதுக்காணிப் பாதுகாப்பு நிதி 2,500. அந்த இரண்டாவது வரிக்காகத்தான் பெறாமகனையும் பதிவு செய்ய வைத்தேன்.

பொதுக்காணி என்பது உங்களுக்கு விளம்பரத்தில் போட ஒரு நல்ல சொல். எனக்கு அது 33 வருடச் சீவியம். குளம், குளக்கட்டு, தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரை, அதற்கு அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு, இவற்றுக்குத் தனியார் எவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாத காணியில் வேலிகளுக்குக் கால் முளைத்துவிடும்; வருடம் இரண்டடி நடக்கும். இரவில் மண் போகும், முதிரை போகும், கிரவல் போகும். கல் நாட்டி எல்லை குறித்துவிட்டு வந்த இடத்துக்கு ஐந்து வருடம் கழித்துப் போனால் கல்லே இருக்காது. இப்படிப்பட்ட காணிக்காகக் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு காசு சேர்க்கிறது என்றபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எண்ணி இப்போது வெட்கப்படுகிறேன்.

சின்னக் குறைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். காலை 5.30க்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்து 7.10க்குத் தொடங்கியது. ஆடி வெயிலையும் சோளகக் காற்றின் புழுதியையும் அறிந்த எவரும் அப்படிச் செய்யமாட்டார். தந்த ரீசேட்டில் பனி மூடிய மலையும் ஊசியிலை மரங்களும் இருந்தன. வன்னியில் நாங்கள் ஏறக்கூடிய அதியுயர் இடம் குளக்கட்டுத்தான். இரண்டாவது தண்ணீர்ப் பந்தலில் மேசை இருந்தது, பதாகை இருந்தது, தண்ணீர் இல்லை. சிறுபோக வயலில் காவல் கொட்டிலில் இருந்த ஓர் அம்மா குடத்தைத் தூக்கிவந்து எங்களுக்கெல்லாம் ஊற்றினார். மறுநாள் அவருடைய படத்தை உங்கள் நிறுவனத்தின் சின்னத்தோடு போட்டு, வசதிகள் சிறப்பாகச் செய்யப்பட்டிருந்ததாக எழுதினீர்கள். அவரிடம் கேட்டுப் போட்டீர்களா? இல்லை என்று அவர் சொல்கிறார்.

தூரத்தைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. பெறாமகனின் கைக்கடிகாரம் 18.3 கிலோமீற்றர் காட்டியது. காட்டு மரங்களின் கீழ் அந்தக் கடிகாரங்கள் கொஞ்சம் பிழைவிடும் என்றார்கள். சரி என்று சைக்கிளின் முன் சில்லில் ஒரு துணியைக் கட்டி, சுற்றளவை நாடாவால் அளந்து 2.23 மீற்றர் என்று குறித்துக்கொண்டு, வழி முழுவதும் உருட்டி எண்ணினேன். 8,214 சுற்று. 18 கிலோமீற்றரும் 317 மீற்றரும். அரை மரதன் என்று நீங்கள் விற்றதில் ஏறத்தாழ 2.8 கிலோமீற்றர் குறைகிறது. நில அளவைக்காரர் எங்கள் பழைய கணக்கில் ஏறத்தாழ 138 சங்கிலி. கடையில் 21 கிலோ அரிசி கேட்டு 18 கிலோ தந்தால் அதற்குப் பெயர் என்னவோ, அதுதான் இதற்கும்.

ஆனால் தூரத்துக்காக மட்டும் என்றால் பதிவுத் தபால் செலவு செய்திருக்கமாட்டேன்.

வழி காட்ட நீங்கள் கட்டியது ரோசா நிறப் பிளாஸ்ரிக் நாடா, அதுவும் மாட்டுக்கு எட்டும் கிளைகளில். ஓட்டத்துக்கு முந்திய மாலை கட்டினீர்கள். இரவில் மாடு தின்றது பாதி, குரங்கு பிய்த்தது பாதி. பன்னிரண்டாவது கிலோமீற்றருக்குப் பிறகு வரும் சந்தியில் ஒரு நாடாவும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. என் முன்னால் ஓடிய பத்தொன்பது பேர் இடது பக்கம் திரும்பி, பழைய உழவு இயந்திரத் தடமொன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். கத்திக் கூப்பிட்டு நிறுத்தினேன். ஏன் கத்தினேன் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது என்று நினைக்கிறேன், ஆகவே எழுதுகிறேன்.

2008இன் கடைசியில் போரில் இடம்பெயர்ந்து, பானை சட்டியோடு உழவு இயந்திரப் பெட்டியில் அந்தத் தடத்தால்தான் நாங்கள் போனோம். திரும்பி வந்தபோது காட்டின் ஓரமெல்லாம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அரிச்சுவடி படிக்குமுன் அந்தப் பலகையைப் படிக்கப் பழகினார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் நாடு 2017இல் சேர்ந்தது. அகற்றும் வேலை பெரும் பகுதி நடந்துவிட்டது, இன்னும் நடக்கிறது. அந்த இடது பக்கத் தடத்தில் வெடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விறகுக்குப் போகும் எங்கள் ஆட்களே மிதித்த தடத்தை விட்டு விலகமாட்டார்கள் என்று சொல்கிறேன். எந்த இடம் துப்புரவாக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ கேட்டுத்தான் வழியைத் தீர்மானித்தீர்களா? நீங்கள் முதலில் அனுப்பிய வரைபடத்தில் அந்தச் சந்தியே இல்லை. கடைசி மூன்று நாளில் வழியை மாற்றியிருக்கிறீர்கள், ஓடுகிறவர்களுக்கு அறிவிக்காமல்.

வெடியை விடுங்கள். அது பாலைப்பழக் காலம். பழுத்த பாலையின் கீழ் விடியற்காலையில் கரடி நிற்கும். ஆள் வருவது தெரியாமல் திடுக்கிட்டால் அது முகத்தைத்தான் பிறாண்டும். அப்படிப்பட்ட முகங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. 7.10க்குத் தொடங்கியதில் ஒரேயொரு நன்மை, கரடிகள் அதற்குள் போய்விட்டிருக்கும்.

அந்த நாடாக்களைக் கழற்ற எவரும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நானும் ஊர்ப் பொடியன்கள் நால்வரும் போய்க் கழற்றினோம். போத்தல்களோடு சேர்த்து இரண்டு உரப்பை நிறைந்தது. காட்டைக் காக்க நடந்த ஓட்டத்தின் கழிவு.

இப்போது அந்த 2,500 ரூபாய்க்கு வருகிறேன்.

மேடையில் உங்கள் அறிவிப்பாளர் 410 பேர் பதிவு செய்ததாகச் சொன்னார். ஆளுக்கு 2,500 என்றால் பத்து இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். அனுசரணையாளர்கள் தந்தது வேறு. எங்கள் குளத்தடியில் அந்தக் காசுக்கு நான் காண்பது இரண்டு பொருள்கள். ஒன்று, அறுபது மலைவேம்புக் கன்றுகள். மற்றது ஒரு பலகை.

கன்றுகளை ஓட்டத்தன்று மாலை, படம் பிடித்தபடி, அலைகரையில் நட்டீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று யாராவது சொல்லித் தந்திருப்பார்களோ தெரியாது. அது கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டில் சொல்லும் பழமொழி. எங்களுக்கு மழை ஐப்பசியில்தான். ஆடியில் குளமே சுருங்கிக் கிடக்கும், நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். முதல் பத்து நாளில் நாற்பது கன்று காய்ந்தது. மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், பாவம். அவர்களிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் நட்ட இடம் குளத்தின் நிறைமட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. வெயிலில் தப்பிய கன்று மார்கழியில் குளம் முட்ட நிரம்பும்போது தண்ணீருக்குள் நின்று அழுகும். வெள்ளத்தில் கால் நனைத்து நிற்கக்கூடியது மருது. மருதுகள் வரிசையாக உங்கள் கண் முன்னாலேயே நின்றன. என்ன மரம் நட வேண்டும் என்று அவற்றைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

கன்றுகளைக் காக்க முட்கம்பியும் அடித்தீர்கள். தண்ணீர் வற்றும் காலத்தில் அலைகரையில் முளைக்கும் பச்சைப் புல்தான் எங்கள் மாடுகளுக்குக் கோடைச் சாப்பாடு. கமக்காரர் அமைப்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பொதுக்காணியைப் பாதுகாக்கப் புறப்பட்டு, பொதுக்காணிக்குள் நீங்களும் ஒரு வேலி போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பலகையைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது. "மரங்களை நேசிப்போம்" என்று எழுதி, கீழே உங்கள் சின்னத்தைப் போட்டு, அதை ஒரு மருத மரத்தில் நான்கங்குல ஆணி நான்கால் அறைந்திருந்தீர்கள். என் அப்பா அந்த மரத்தடியில் மாடு கட்டியவர்.

உங்கள் விளம்பரம் "அமெரிக்காவின் புகழ்பெற்ற காட்டோட்டங்களைப் போல" என்றது. அதையும் தேடி வாசித்தேன். கலிபோர்னியாவில் வெஸ்டேர்ன் ஸ்டேட்ஸ் என்று ஒரு நூறு மைல் ஓட்டம் நடக்கிறது. 1974இல் குதிரைப் போட்டியொன்றில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தம் காலாலேயே ஓடி, 24 மணிநேரத்துக்குள் முடித்ததிலிருந்து அது பிறந்தது. வழி அரச காட்டின் ஊடாகப் போகிறது. காட்டில் ஒரு பகுதிக்குரிய கட்டுப்பாட்டினால் அங்கே 369 பேர் என்பதே அளவு, எத்தனை ஆயிரம் பேர் விண்ணப்பித்தாலும். ஓட வருகிறவர் எட்டு மணிநேரமாவது பாதை திருத்தும் வேலையோ அதுபோன்ற தொண்டோ செய்திருக்க வேண்டும். நீங்கள் எங்களுடைய ஒற்றையடிப் பாதையில் 410 பேரை ஓடவிட்டீர்கள். ஒருவர் கையிலும் மண்வெட்டி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஊராரும் வந்திருப்பார்கள். குளக்கட்டில் பற்றை வெட்டுவது எங்களுக்குப் புதிதல்ல.

எனக்கு என் காசு திரும்ப வேண்டாம், தூரம் குறைந்ததற்கான காசும் வேண்டாம். பாதுகாப்பு நிதியில் எவ்வளவு சேர்ந்தது, யாரிடம், எந்தத் திகதியில், எதற்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கைத் தமிழில் எழுதி, ஓடிய எல்லோருக்கும் அனுப்புங்கள். கொடுக்கப்படாமல் இருந்தால், அதைக் கமக்காரர் அமைப்போடும் கிராம அலுவலரோடும் பேசி, குளத்தின் எல்லையைத் திரும்ப அளந்து கல் நாட்டச் செலவிடுங்கள். எங்கள் குளத்துக்கு இப்போது கன்றைவிடக் கல்தான் அவசரம். முட்கம்பியை மழைக்கு முன் அகற்றுங்கள். அடுத்த வருடமும் நடத்துவதாக இப்போதே விளம்பரம் செய்கிறீர்கள். நடத்துவதானால் பாதையை எங்களோடு நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். காசில்லாமல் நானே அளந்து தருகிறேன், 21.1 என்றால் 21.1 இருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்து 21 நாளுக்குள் கணக்கு வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதியும், சில்லுச் சுற்றுகளை எண்ணி எழுதிய கொப்பியின் மூன்று பக்கங்களும் இத்துடன் உள்ளன.

மருதில் அறைந்த பலகையைக் கழற்றிவிட்டேன். ஆணித் துளைகளுக்குச் சாணி அப்பியிருக்கிறேன். பலகையும் நான்கு ஆணிகளும் இரண்டு உரப்பைகளும் என் வீட்டுக் கோடியில் இருக்கின்றன. வந்து எடுத்துச் செல்லலாம். வருவதற்கு முதல்நாள் சொன்னால் நல்லது. காலையில் நான் மாட்டோடு அலைகரையில் நிற்பேன்.

இப்படிக்கு,
பதிவு இலக்கம் 217