சித்தரஞ்சனில் கட்டாத எஞ்சின்

அன்புள்ள பாப்பா,

உங்கள் குழு வரைந்த சரக்கு ரயில் எஞ்சினைக் கட்டப்போவதில்லை என்று முடிவாகிவிட்டதாமே, அம்மா சொன்னாள். போனில் கேட்டால் "பரவாயில்லப்பா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் விசாகப்பட்டினத்தில், வால்டேர் ரயில் எஞ்சின் ஷெட்டில் இருந்தபோது, 1988 வாக்கில், டபிள்யூ.ஏ.ஜி.-6 என்ற மின்சார சரக்கு எஞ்சின் வந்து இறங்கியது. ஸ்வீடனிலிருந்து ஆறு, ஹிட்டாச்சியிடமிருந்து இரண்டு மாதிரியில் ஆறு ஆறு, ஆக மொத்தம் 18. சோதித்துப் பார்த்து, தேறியதை நம் ரயில்வேயின் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டலாம் என்பதுதான் அப்போதைய பேச்சு. பைலாடிலா இரும்புத்தாது ஓடும் கிரந்துல் பாதையில் விட்டார்கள். பழைய எஞ்சினில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் டேப் சேஞ்சர், 32 நாட்ச், அதாவது 32 படி. ஒவ்வொரு நாட்சுக்கும் ஒரு உதறல். மழையில் நனைந்த தண்டவாளம் என்றால் சக்கரம் வழுக்கும். இந்தப் புதியதில் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச். இழுவை படிப்படியாக இல்லாமல் ஒரே சீராக ஏறும். ஏறக்குறைய 6,000 குதிரைத்திறன் வேறு! டிரைவர்கள் இறங்க மனமில்லாமல் இறங்குவார்கள்.

ஆனால் மோட்டார் என்னவோ அதே டி.சி. மோட்டார்தான். எஞ்சினுக்கு அடியில் உள்ள பிட் என்ற பள்ளத்துக்குள் இறங்கி, மூடியைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை உருவி, அந்த பிரஷ் உரசிச் சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் துடைத்துவிட்டு வந்தால் முழங்கை வரை கறுப்பு. சோப்புக்கெல்லாம் போகாது. போதாததற்கு, தைரிஸ்டர் மின்னலையை வெட்டி வெட்டி எடுப்பதால் பவர் ஃபேக்டர் கெட்டது, அதாவது கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் முழுதாகப் பயன்படவில்லை, சிக்னல் வயர்களில் இரைச்சல் புகும் தொல்லையும் உண்டு. அதற்குள் வெளிநாடுகளில் மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார் தேறிவிட்டது. பிரஷ்ஷே கிடையாது, பிரேக் போட்டால் மின்சாரம் கம்பிக்கே திரும்பும். தாது ஏற்றிய வண்டி மலையிலிருந்து கீழே வரும் பாதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1993ல் ஏ.பி.பி. என்ற ஐரோப்பிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள், அந்த மோட்டாரோடு டபிள்யூ.ஏ.ஜி.-9 வந்தது, சித்தரஞ்சன் அதைத்தான் கட்டியது. டபிள்யூ.ஏ.ஜி.-6 பதினெட்டோடு நின்றுபோனது.

ஷெட்டில் எங்களுக்கெல்லாம் வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். டபிள்யூ.ஏ.ஜி.-6 கெட்ட எஞ்சின் இல்லை, பாப்பா. அது வந்த நேரம் அப்படி. உன் வரைபடத்தில் எங்கே தப்பு என்று ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். அதை விடு. நீங்கள் வரைந்துகொண்டிருந்த நாட்களில் வெளியே என்ன மாறியது என்று பார்.

அப்புறம், கோப்பை அழித்துவிடாதே. வெளியே காட்டக்கூடாது என்றால் வேண்டாம்; காட்டலாம் என்றால் சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகியின் படத்தை மட்டும் அனுப்பு. ஒரு போகிக்கு மூன்று அச்சா, இரண்டிரண்டாகவா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அப்பா