செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நடந்த நிகழ்ச்சிகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும் தாளில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொறுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டு சங்கத்தை நடத்திப் பார்த்தோமே, அது எப்படிப் போனது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "எதைக் கேட்டாலும் செயலாளரைக் கேளுங்கள் என்கிறார்கள். செயலாளரோ போனை எடுப்பதில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சங்க அறையின் சாவி, உறுப்பினர் பதிவேடு, முத்திரை, கடிதத்தாள் கட்டு எல்லாம் என் அலமாரியில்தான் இருந்தன. நான் நாலு நாள் படுத்துவிட்டால் சங்கமும் படுத்துவிடும்.

முதல் முயற்சி சொதப்பியது. "இனி எல்லா வேலையும் எல்லோருக்கும் பொது" என்று தீர்மானம் போட்டோம். கேட்க அழகாக இருந்தது. மூன்றே மாதத்தில் அரங்க முன்பதிவைப் புதுப்பிக்க மறந்தோம். செயற்குழுவில் 11 பேர். மற்ற 10 பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம், நான் உட்பட. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்த முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்கு வந்த பலம் ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நொடியில் சேர்ந்து இழுக்க வராதது பாதிக் காரணம். மீதிக் காரணம் எங்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் மூன்று சிறு குழுக்களாகப் பிரிந்தோம். 11 பேரும் ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போக வேண்டுமென்றால் 55 ஜோடிகள் வரும். நான்கு பேர் என்றால் ஆறுதான். நிகழ்ச்சிக்கு ஒரு தலைவர், நிகழ்ச்சி முடிந்தால் அவர் மறுபடி உறுப்பினர். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் இசைக்குழு, கோலசைத்து இசையை நடத்துபவர் இல்லாமலே வாசித்துவருகிறது. ஒவ்வொரு படைப்புக்கும் வேறொருவர் முன்னின்று வழிநடத்துவார். அடுத்ததற்கு அவரே பின்வரிசையில் உட்காருவார். நாங்கள் கூடுதலாகச் சேர்த்தது ஒன்று: தனக்குக் கொடுத்த தொகைக்குள் அந்தத் தலைவர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம். வேலையை மட்டும் கொடுத்துவிட்டு முடிவை நான் வைத்துக்கொண்டால் அது எடுபிடி வேலைதானே.

ரத்ததான முகாமுக்குத் தலைவராக இருந்தவர் எங்கள் குழுவிலேயே வயதில் இளையவர். அன்று காலை பழக்கதோஷத்தில் நான் வாசலில் நின்று, "மேஜையை இந்தப் பக்கம் போடுங்கள்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் வந்து மெதுவாக, "சார், உங்களுக்குப் பதிவு மேஜை. இந்தப் பக்கம் போட்டால் ரத்தம் கொடுத்தவர்கள் ஓய்வெடுக்க இடமில்லை" என்றார். போய் உட்கார்ந்தேன். மதியம்வரை பெயரும் வயதும் ரத்த வகையும் எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளில் உறுப்பினர்களின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துப் பேசியதில்லை.

ஆண்டுவிழா அழைப்பிதழ் விஷயத்தைப் பலர் அறிவீர்கள். நான் எழுதிக் கொடுத்த தேதிக்குரிய கிழமை ஒன்று, அச்சான கிழமை வேறு. சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னை உறுத்துவது அந்தத் தவறுகூட அல்ல. அச்சுக்குப் போகும் முன்பே ஒருவர் அதைக் கண்டிருக்கிறார். "நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்" என்றார். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்தின் பொறியாளர், எதிரே உள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். அனுபவம் மிகுந்த விமானி விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பேச்சு அதோடு நின்றது. நம்முடையது வெறும் அழைப்பிதழ்தான், ஒப்பிடவே கூடாது. ஆனாலும் வாய் அடைத்துப்போன விதம் ஒன்றுதான். பதவியைப் பிரித்துவிட்டோம், என் முகத்துக்கு நேரே "இது தப்பு" என்று சொல்லும் தைரியத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது எந்தத் தாளும் இன்னொருவர் கையெழுத்தில்லாமல் அச்சுக்குப் போவதில்லை. குறை கண்டவர் முதலில் பேசுவார், எழுதியவர் கடைசியில்.

குறைகள் இன்னும் உண்டு. இரண்டு குழுக்கள் ஒரே நாளில் நிகழ்ச்சி வைத்து மோதிக்கொண்டன. கூட்டங்கள் நீளுகின்றன. அவசரத்துக்கு ஒருவர் முடிவெடுப்பதே நல்லது என்பது என் கருத்து; தலைவருக்கு இதில் உடன்பாடில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். உறுப்பினர் சேர்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

சங்க அறையின் சாவி இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது. பதிவேட்டையும் முத்திரையையும் இன்று மேஜைமேல் வைத்திருக்கிறேன். புதிய செயற்குழு யாரிடம் என்று முடிவு செய்யட்டும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்